சுமக்கப்படுதல்

1

ஓய்வுபெற்ற பிறகு ஐரோப்பாவின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் பதினொரு நாட்கள் கப்பலில் போய்வந்தேன் என்று சொன்னபோது நண்பர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தவர்களால் எனக்குப் பிரச்னை இல்லை. அவர்கள் சிரிப்பில் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் பிரியம், கொஞ்சம் ‘இந்த வாத்தியாருக்கு வந்த வாழ்வைப் பார்’ என்ற கிராமத்துக் கிண்டல். ஒன்றும் சொல்லாதவர்கள்தான் என்னை யோசிக்க வைத்தார்கள். காசிக்குப் போய்வந்தேன் என்று சொல்லியிருந்தால் அவர்கள் இப்படி மௌனமாகியிருக்க மாட்டார்கள். செலவு கூடுதல் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மகள் கல்யாணத்துக்கு இதைவிட அதிகம் செலவழித்தபோது அவர்களே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கங்கையில் கிழவன் ஒருவன் முழுகலாம், டான்யூபில் அவன் மிதக்கக் கூடாது என்று எங்கேயோ ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஏதாவது நியாயம் உண்டா என்பதுதான் என் கேள்வி. என்னைத் தற்காத்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. தற்காத்துக்கொள்ளும் உத்தேசத்தோடு யோசிக்க ஆரம்பித்தேன் என்பது உண்மை. யோசனை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது.

நான் தவளக்குப்பத்தில் இருக்கிறேன். கடலூர் ரோட்டில் புதுச்சேரியிலிருந்து வரும்போது சுண்ணாம்பாற்றைத் தாண்டியதும் வரும் ஊர். நோணாங்குப்பம் படகுத்துறையில் விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போய்வர வரிசையில் நிற்பார்கள். பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்தி அவர்களை வேடிக்கை பார்த்ததுண்டு. ஒருமுறைகூட அந்தப் படகில் ஏறியதில்லை. நம் ஊர் ஆற்றில் பணம் கொடுத்துப் படகில் போவது நம் வீட்டுத் திண்ணையில் வாடகைக்கு உட்கார்வது போல ஒரு கூச்சம். அதே ஆள் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்ப் படகு ஏறினான். கூச்சம் தூரத்தில் கரைந்துவிடுகிறது போலும்.

என்னை அழைத்தவர் என் மனைவியின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பான்சியோன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்று சொல்லும் வகை. 1962-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பாவுக்கும் அந்த உரிமை இருந்தது. பாகூரும் பிரெஞ்சு மண்தான். ஆனால் அப்பா பாகூர் ஏரிக்கு நீர்க்கட்டி. மடை திறப்பதும் அடைப்பதும் வாய்க்காலில் முறை பார்த்துத் தண்ணீர் விடுவதுமாக இருந்தவர். அந்த ஆறு மாதத்தில் அவருக்கு எந்தக் காகிதமும் வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் கைநாட்டு வைக்கும் இடத்தை யாராவது காட்டியிருக்க வேண்டும். ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தைக் கப்பலில் ஏற்றியது. இன்னொரு குடும்பம் கரையில் நின்றது. அந்தக் கையெழுத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவில், அறுபத்தெட்டு வயதில் நானும் ஏறினேன். பாதிச் செலவு மச்சானுடையது. “மாமா, வாழ்நாள் பூரா நின்னுகிட்டே பாடம் சொன்னீங்க, கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க” என்றார். இதில் மறுக்க என்ன இருக்கிறது?

2

2024 நவம்பர் கடைசியில் பிராங்க்ஃபர்ட்டில் ஏறி, மெயின் ஆற்றில் எதிர்நீச்சலாகப் போய், மெயின்-டான்யூப் கால்வாயில் மலையேறி, மறுபக்கம் டான்யூபில் இறங்கி, புடாபெஸ்ட்டில் முடிந்தது பிரயாணம். மலையேறி என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. அந்தக் கால்வாய் 171 கிலோமீட்டர் நீளம், 1992-இல் முடிந்தது. பதினாறு இடங்களில் கப்பலைத் தொட்டிக்குள் அடைத்து, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ, ஏற்றி இறக்குகிறார்கள். பக்கிங்காம் கால்வாயில் நம்மவர்கள் இதை ‘லாக்கு’ என்றார்கள். சென்னையில் லாக் நகர் என்று ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது. மூன்று லாக்குகளில் ஒவ்வொன்றும் கப்பலை ஏறக்குறைய 25 மீட்டர் தூக்குகிறது. கோயில் கோபுரத்தின் உயரம். அப்படி ஏறி ஏறிக் கடல்மட்டத்துக்கு 406 மீட்டர் மேலே கப்பல் போய் நிற்கிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பிரி மேடு அது. இந்தப் பக்கம் விழும் மழை வடகடலுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுவது கருங்கடலுக்கு. சார்லமேன் 793-இல் இதே மேட்டை வெட்ட முயன்று முடியாமல் விட்டான். பவேரிய மன்னன் ஒருவன் கட்டிய கால்வாய் 1846-இல் திறந்து, நூறு லாக்குகளோடு, ரயிலோடு போட்டியிட முடியாமல் மெலிந்துபோனது.

நீர்க்கட்டியின் மகனான எனக்கு இதெல்லாம் வெறும் வேடிக்கையாக இல்லை. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும் என்ற ஒன்றே அப்பாவின் சாஸ்திரம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்தவை. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால், தன் சரிவாலேயே பாகூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகளின் கொடையோடு அந்த ஏரியையும் வாய்க்காலையும் சேர்த்துக் கதை சொல்வார்கள். யாரும் அங்கே தண்ணீரை மேலே தூக்கவில்லை. இங்கேயோ டான்யூப் பக்கத்து நீரைப் பம்பு வைத்து மேட்டின் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து வறண்ட மெயின் பக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். தண்ணீரையே சுமக்கிறார்கள், அந்தத் தண்ணீர் கப்பலைச் சுமக்கிறது, கப்பல் என்னைச் சுமக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் காப்பியோடு, ஒரு மலையைக் கடக்கிறேன். காலில் ஒரு தசைகூட அசையவில்லை.

சுகமாக இருந்தது. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நம் எழுத்தில் சுகத்தை ஒப்புக்கொள்வது குறைவு. ஒப்புக்கொண்டாலும் அடுத்த வரியில் அதற்குத் தண்டனை கொடுத்துவிடுவோம். ரயிலில் போனால் நாம் போகிறோம். கால்வாயில் நாம் அசையாமலிருக்க, கரை நம்மைக் கடந்து போவதுபோல ஒரு பிரமை. திராட்சைத் தோட்டம் வருகிறது, தேவாலயக் கூம்பு வருகிறது, நாயைப் பிடித்துக்கொண்டு கிழவி ஒருத்தி வருகிறாள், எல்லாம் பின்னால் போகின்றன. உலகம் நம் முன்னால் சமர்ப்பிக்கப்படுகிறது. பென்ஷன் என்பதே ஒருவிதத்தில் இப்படித்தான். செய்து முடித்த வேலையின் பேரில் இனிமேல் சுமக்கப்படுவதற்கு ஒரு பத்திரம். மாதம் பிறந்தால் பணம் வருகிறது, கரை நகர்கிறது.

என் மனைவிக்கு மட்டும் இந்தப் பிரமை ஏற்படவில்லை. அறையைச் சுத்தம் செய்ய ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வருவாள். அவள் வருவதற்கு முன்னால் இவள் படுக்கையை மடித்து, தம்ளர்களைக் கழுவி, குளியலறைத் தரையைத் துணியால் ஒற்றியெடுத்து வைத்துவிடுவாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் மிகுந்த மரியாதையோடு, இப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். செய்ய வேலை இல்லாத அறை என்று மேலதிகாரிக்குத் தோன்றினால் அவளுக்கு இன்னும் அதிக அறைகள் தருவார்களாம். நம்முடைய கருணை இன்னொருத்தியின் முதுகில் எடையாக ஏறுகிறது. நல்லெண்ணத்தின் விளைவைக் கணக்கிடாத நல்லெண்ணம் ஒழுக்கமாகுமா என்று தத்துவ நூல்களில் எழுப்பப்படும் கேள்வியை, ஒரு துடைத்த தரை எங்களுக்கு முன்னால் வைத்தது. மறுநாளிலிருந்து என் மனைவி தலையணை உறையை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டு வந்தாள். அதைச் செய்யும்போது அவள் முகத்தில் இருந்த சங்கடத்தை மறக்க முடியவில்லை.

3

பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இந்தக் கப்பலில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. முப்பதுகளில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கிங்காம் கால்வாயில் படகில் போன பிரயாணம் அது. அதுவும் உல்லாசப் பிரயாணம்தான், அதுவும் கால்வாய்தான், போனவரும் புதுச்சேரிக்காரர்தான். நிலவு, நீர், நண்பர்களின் பேச்சு என்று போகிற கவிதை ஓரிடத்தில் கரைக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே படகைக் கயிறு கட்டி இழுத்துப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். கவிஞரின் கண் அவர்கள்மேல் விழுந்ததும் நிலவின் நிறம் மாறிவிடுகிறது. இரக்கம் என்று சொல்லி இதை நகர்த்திவிடலாம். விமர்சனம் என்ற பெயரில் பலர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பார்க்க முடிந்தது என்பது. கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. இழுப்பவனுக்கும் இழுக்கப்படுகிறவனுக்கும் நடுவில் சில கஜ தூரம். நடுவில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் விறைப்பு அப்படியே உறவின் விறைப்பு.

அந்தக் கால்வாய்க்கு இன்னொரு கயிறும் உண்டு. அது கவிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை துண்டு துண்டாக வளர்ந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்குக் கிடைத்தது. அந்தப் பஞ்ச காலத்தில்தான் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் மேற்செலவுக்குச் சிறு காசும் போதும் என்று கணக்கிட்டுச் சொன்னார். பசித்தவன் வெட்டிய கால்வாயில் பிறகு உப்பும் விறகும் போயின. அதன் பிறகு ஒரு கவிஞர் போனார். இப்போது சென்னைக்குள் அதன்மேல் ரயில்பாதையின் தூண்கள் நிற்கின்றன. தெற்கே அது மரக்காணத்தோடு நின்றுவிடும். 2008-இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தபோது, காகிதத்தில் எங்கள் ஊர் வாசல்வரை கால்வாய் வந்துவிட்டது.

ஜெர்மனியில் கயிறு தெரியவில்லை. இதுதான் என் சங்கடத்தின் ஆரம்பம். லாக்குகளில் ஆளே இல்லை. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்த்துக் கதவுகளைத் திறந்து மூடுகிறார் என்று மச்சான் சொன்னார். எஞ்சின் சத்தம்கூட எங்கள் தளத்துக்கு எட்டாது. சிப்பந்திகளின் அறைகள் கீழே, நீர்மட்டத்தை ஒட்டி. நூரம்பர்க்கை விட்டுக் கிளம்பிய இரவு தூக்கம் வராமல் மேல்தளத்துக்குப் போனேன். கப்பல் ஒரு லாக்குக்குள் இருந்தது. இருபுறமும் ஈரச் சிமெண்டுச் சுவர்கள். ஒரு கிணற்றின் அடியில் நிற்பதுபோல. கப்பலின் விளிம்பில், மஞ்சள் விளக்கொளியில், கையுறை போட்ட பையன் ஒருவன் தடித்த கயிற்றைக் கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏற ஏறக் கப்பல் உயர்ந்தது. சுவரில் மிதவையோடு சேர்ந்து உயரும் கொக்கியில் கயிறு ஒழுங்காக வருகிறதா என்று அவன் கண் அகலாமல் பார்த்தான். குளிர் எலும்பைக் குடைந்தது. அவன் என்னைப் பார்த்ததும் சட்டென்று சிரித்து, தூக்கம் வரவில்லையா ஐயா என்று விசாரித்தான். பயணி விழித்திருப்பது அவனுக்கு ஒரு குறைபாடாகப் பட்டிருக்க வேண்டும். கயிறு இருக்கத்தான் செய்கிறது. நான் தூங்கும் நேரத்துக்கு அதை மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் என்ன? பார்த்துவிட்டதால் என்ன ஆகிவிட்டது? மாமல்லபுரத்துப் படகு, கவிஞர் இரங்கியதற்காக நின்றிருக்காது. என் கப்பலும் நிற்கவில்லை. பார்வை ஒரு செயல் என்று நம் பக்கங்களில் நிறைய எழுதியிருக்கிறோம். எனக்கு அதில் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. பார்ப்பது ஒரு கடன்சீட்டு என்று மட்டும் சொல்லலாம். கடனைத் தீர்க்க அதனால் ஆகாது. கடன் இருக்கிறது என்பதை மறுக்க முடியாதபடி அது செய்துவிடுகிறது.

4

நான் அந்த லாக்கில் நின்றுகொண்டிருந்த அதே இரவில், நவம்பர் 30-இல், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகி வந்தது. கடலூர் பக்கமும் பாகூர் பக்கமும் கிராமங்களுக்குள் ஆறு புகுந்தது. என் அண்ணன் இன்னும் பாகூரில்தான் இருக்கிறார். அப்பா கட்டிய வீட்டில். வயது எழுபத்தைந்து.

டிசம்பர் 3-ஆம் தேதி கப்பல் ஆஸ்திரியாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. காலையில் அண்ணன் மகன் அனுப்பிய படம் வந்தது. திண்ணை தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் வாசல்நிலையின் பாதிக்கு நின்றது. அண்ணன் மொட்டைமாடியில், தார்ப்பாயின் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டை முந்தின இரவே ரோட்டு மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். சிறிது நேரத்தில் அண்ணனே பேசினார். சார்ஜ் தீரப்போகிறது என்பதால் சுருக்கமாக: “நீ தண்ணிமேல இருக்கிற. நாங்களும் தண்ணிமேலதான் இருக்கோம். கவலப்படாத தம்பி.” அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தலாகப் பேச வராது. அதனாலேயே அது குத்தியது.

ரோமக் கவி லுக்ரீஷியஸ் தன் நூலின் இரண்டாம் பாகத்தை ஒரு காட்சியோடு ஆரம்பிக்கிறான். கடலில் புயல், ஒருவன் தத்தளிக்கிறான், கரையில் நிற்பவனுக்கு அதைப் பார்ப்பது இனிமையாக இருக்கிறது. பிறர் துன்பம் இனிக்கிறது என்பது அவன் கருத்து இல்லை. எந்தத் தீங்கிலிருந்து தான் விடுபட்டிருக்கிறோம் என்று உணர்வது இனிமை என்கிறான். ஹன்ஸ் புளூமன்பெர்க் என்ற ஜெர்மன் சிந்தனையாளர் 1979-இல் இந்தப் படிமத்தின் சரித்திரத்தையே ஒரு சிறு புத்தகமாக எழுதினார். கரையில் நிற்பவனின் நிம்மதி நூற்றாண்டுகளில் எப்படிக் கரைந்தது என்பதே அதன் கதை. நாம் எல்லோருமே ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்டோம், நிற்பதற்குக் கரை கிடையாது என்று பாஸ்கல் கூறிய இடமும் அந்தச் சரித்திரத்தில் வருகிறது.

என் விஷயத்தில் படிமம் தலைகீழாகிவிட்டது. கப்பலில் இருப்பவன் பத்திரமாக இருக்கிறான், கரை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு சாமர்த்தியமான தலைகீழாக்கமாகச் சொல்லவில்லை. நம் காலத்தின் நிலவரமே இதுதானோ என்று தோன்றுகிறது. நகரக்கூடியவன் பத்திரமானவன். நிலத்தோடு கட்டுண்டவன் ஆபத்தில் இருப்பவன். என் கப்பலும் அப்படி ஒன்றும் அமரத்துவம் பெற்றதல்ல. அதே வருஷம் செப்டம்பரில் போரிஸ் புயலில் டான்யூப் பெருகியபோது இப்படிப்பட்ட கப்பல்கள் வியன்னாவில் நின்றுவிட்டன. 2022 கோடையில் ரைனில் தண்ணீர் வற்றிப் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அதே கோடையில் எல்ப நதியில் ‘பசிக்கல்’ என்ற பாறைகள் வெளியே தெரிந்தன. ஆற்றில் இவ்வளவு தண்ணீர் குறைந்தால் பஞ்சம் வரும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் மனிதர்கள் வருஷத்தைப் பொறித்து வைத்த கற்கள். ஆனால் அங்கே பயணிக்குப் பஸ் இருந்தது. வித்தியாசம் இவ்வளவுதான், இவ்வளவு என்பது எவ்வளவு!

அன்று மத்தியானம் மௌட்ஹௌசன் என்ற ஊரைக் கடந்தோம். நீரோரத்தில் வெளிர்நிற வீடுகள். மேலே குன்றில் நாஜிகளின் முகாம் இருந்தது. கல்குவாரியின் 186 படிகளில் கைதிகளைக் கல் சுமக்க வைத்துக் கொன்ற இடம். ஒலிபெருக்கி அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மாலை நிகழ்ச்சியைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னது. யாரையும் குறைசொல்லப் போவதில்லை. என் கையில் இருந்த போனில் என் அண்ணன் மொட்டைமாடியில் இருந்தார். ஜன்னலில் அந்தக் குன்று இருந்தது. இரண்டையும் நான் ஒரே கண்ணால், ஒரே வசதியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் பயங்கரம். கரை கடந்து போய்க்கொண்டே இருக்கும் ஒரு ஜன்னலில் எல்லாமே சம அகலமுள்ள காட்சியாகிவிடுகிறது. கோட்டை, திராட்சை, கொலைக்களம், அண்ணன்.

இனி எழுதப் பிடிக்காததை எழுத வேண்டும். அன்று இரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன். என் மனைவி சூப்போடு எழுந்துவிட்டாள். எனக்குப் பசித்தது. சாப்பிடாமல் இருந்தால் பாகூரில் ஓர் அங்குலம் தண்ணீர் வடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேள்வி தர்க்கரீதியாகச் சரி. தர்க்கம் சரியாக இருந்த அந்த நிமிஷத்தில், ‘நல்லவேளை, நான் அங்கே இல்லை’ என்று ஒன்று என் அடிவயிற்றில் சூடாகப் பரவியதையும் கவனித்தேன். லுக்ரீஷியஸ் சொன்ன இனிமை. ரோமன் ஒருவன் எழுதியதால் அது நமக்கு அந்நியம் என்று நினைத்திருந்தேன். அது என் இலையிலேயே இருந்தது.

5

ஊர் திரும்பியபின் இதைக் குற்ற உணர்வாக எழுதிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பழக்கப்பட்ட நடைகூட நம்மிடம் இருக்கிறது. பார்த்தேன், நொறுங்கினேன், வெட்கினேன் என்று மூன்று வினைமுற்றுகளில் எழுத்தாளன் தன்னை மீட்டுக்கொண்டுவிடுவான். நொறுங்கியது எவன், மீண்டது எவன் என்று யாரும் கேட்பதில்லை. குற்ற உணர்வும் ஒரு சொகுசுக் கப்பல்தான். அதிலும் நாம் உட்கார்ந்தபடியே போகலாம்.

இந்த இடத்தில் எனக்குக் கணியன் பூங்குன்றனின் உவமை உதவியது. அந்தப் பாட்டின் முதல் வரியை எல்லாக் கட்டிடங்களிலும் எழுதி அதன் நடுப்பகுதியைப் படிக்காமல் விட்டுவிட்டோம். கல்லில் மோதி இரைந்து வரும் பேராற்றில் ஒரு தெப்பம் நீரின் போக்கில் போகிறது. உயிரும் முறைவழியே அப்படிப் போகும் என்பது உவமை. விதிக்கு அடங்கிப் போவதன் தத்துவம் என்று இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாட்டு அங்கே முடிவதில்லை. அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறது. இப்படி எல்லோரும் அடித்துச் செல்லப்படுகிறவர்கள் என்று தெரிந்துகொண்டதால், பெரியவர்களைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ அதைவிடவும் மாட்டோம். சுமக்கப்படுதல் பொதுவான நிலை என்பதிலிருந்து சமத்துவம் பிறக்கிறது.

என் கப்பலில் நடந்தது இதற்கு நேர்எதிர். அங்கே சுமக்கப்படுதல் விலைக்கு வாங்கப்பட்டது. வாங்கியவன் மேல்தளத்தில்; வாங்க முடியாதவன் கயிற்றோடு விளிம்பில். ஆறு ஒன்றுதான். தெப்பத்தில் இருப்பவனுக்குத் தான் சுமக்கப்படுவது ஒவ்வொரு கணமும் தெரியும், நீர் அவன் காலில் படுகிறது. கப்பலில் அந்தத் தெரிதலையே அகற்றுவதற்குத்தான் பணம். நாம் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி மறதிக்கான விலை. இதை எழுதும்போது என் அப்பாவும் இதில் வருகிறார். என்னைத் தோளில் வைத்து அவர் வாய்க்காலைக் கடப்பார். வாழ்க்கையில் நான் முதலில் சுமக்கப்பட்டது அப்படித்தான். அதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. ஏன் என்று யோசித்தேன். அவர் தலைமயிரைப் பிடித்திருப்பேன். கால் வழுக்கினால் அவர் உடம்பு குலுங்குவது என் தொடையில் தெரியும். யார்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு கணமும் மறக்கவில்லை.

ஆகவே நண்பர்களின் எழுதாத சட்டத்துக்கு என் பதில் இது. கிழவன் டான்யூபில் மிதக்கலாம். ஓய்வு என்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நாம் எல்லோரும் ஏதோ ஒருவிதத்தில் பிறர் தோளில்தான் வந்திருக்கிறோம். கடைசியிலும் நாலு பேர் தோளில்தான் போவோம். தவறு சுமக்கப்படுவதில் இல்லை. யார் தோள் என்று தெரியாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்வதில் இருக்கிறது. இந்தப் பதில் போதுமா என்றால், போதாது. தெரிந்துகொண்டபின் என்ன செய்வது என்பதற்கு இதில் விடை இல்லை. அந்தப் பையனுக்கு நான் என்ன செய்ய முடியும்? கடைசி நாளில் எல்லோரும் வைக்கும் உறையில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் வைத்தேன். அது விடை என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை.

வந்த மறுநாள் பாகூர் போனேன். தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு, மட்டப்பலகை வைத்து இழுத்ததுபோல நேராக. வீட்டுக்குள் வண்டல். அண்ணி நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார், பாதி முளைவிட்டிருந்தது. மண்வெட்டியை எடுத்தேன். அண்ணன் விடவில்லை. “உட்காரு, அப்புறம் பார்த்துக்கலாம். போன கதையச் சொல்லு” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தச் சேற்றில் நின்று எதைச் சொல்வது? அவர் மறுபடியும் கேட்டார். அவருடைய குரலில் என் கூச்சத்துக்கு இடமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். கப்பல் மலையேறிய கதையைச் சொன்னேன். தொட்டி, கதவு, 25 மீட்டர், மேட்டின் உச்சி, அதற்குப் பம்பு வைத்துத் தண்ணீர் ஏற்றுவது. அண்ணன் மண்வெட்டியின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டார். அப்பாவுக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவரும் மடை பார்த்தவர்.

“அவ்வளவு தண்ணி ஏறும்போது மடைய யாரு பார்க்கிறாங்க?”

எங்கோ ஓர் அறையிலிருந்து ஒருவர் பார்ப்பதாகச் சொன்னேன்.

“ராத்திரியுமா?”

“ராத்திரியும்தாண்ணா.”

“ஒத்த ஆளா?”

எனக்குத் தெரியவில்லை. பதினொரு நாளில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தெரியவில்லை என்றேன். அண்ணன் சற்று நேரம் யோசித்தார். “பாவம், தூங்க முடியாது” என்றார். பிறகு குனிந்து வண்டலை வழிக்க ஆரம்பித்தார். இரண்டாவது மண்வெட்டி கொல்லையில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.